பாம்பாற்றுப் பள்ளத்தாக்கும் பழனிமலைத் தாவரத் தேடலும்

மதுரைக்கு வடமேற்கே, வைகை வடிநிலத்தின் விளிம்பில் பழனிமலைத் தொடர் எழுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிச் சமவெளிக்குள் நீண்டு வரும் கிளை இது. பரப்பு ஏறத்தாழ 2,068 சதுர கிலோமீட்டர். உயர்ந்த சிகரமான வந்தரவு 2,533 மீட்டர். இன்று திண்டுக்கல், தேனி மாவட்டங்களுக்குள் அடங்கும் இந்த மலை, 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கித் தாவரவியலாளர்கள் மதுரைச் சமவெளியிலிருந்து இதன்மேல் ஏறிச் செடிகளைச் சேகரித்து வந்துள்ளனர். அவர்கள் பாடம் செய்து வைத்த மாதிரிகள் இன்று திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர், எடின்பரோ, கியூ ஆகிய இடங்களில் உள்ளன. ஒரே மலைக்குத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பச் சென்று சேர்த்தவை என்பதால் அவற்றின் மதிப்பு தனித்தனி மாதிரிகளின் மதிப்பைவிடப் பெரிது. அந்த மலையில் எது இருந்தது, எது குறைந்தது, எது புதிதாக வந்தது என்பதைச் சொல்லக்கூடிய எழுத்துச் சான்று வேறு அதிகம் கிடையாது.

நிலமும் ஏற்றமும்

பெரியகுளம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. அங்கிருந்து நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குள் கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. இவ்வளவு குறுகிய தொலைவில் இவ்வளவு ஏற்றம் இருப்பதுதான் தாவரவியலாளர்களை இந்தத் தென்சரிவுக்கு இழுத்தது. கொடைக்கானலின் தெற்கு விளிம்பில், வட்டக்கானலை ஒட்டிய சோலைகளில் ஊறும் நீர் பாம்பாறாகச் சேர்ந்து, பாறைகளில் அருவிகளாக இறங்கி, அடிவாரத்தில் கும்பக்கரை அருவியாக விழுகிறது. பிறகு பெரியகுளம் பகுதியில் வராக நதியோடு கலந்து வைகையை அடைகிறது. இந்த ஓடையைத் தொடர்ந்து மேலே ஏறுபவர் வறண்ட முட்புதர்க் காட்டில் தொடங்கிக் குளிர்மலைச் சோலையில் முடிக்கிறார்.

மதுரைச் சமவெளியின் இயல்பான தாவரங்கள் வறட்சியைத் தாங்குபவை. உசில், வெள்வேல், குடைவேல், வேம்பு, கள்ளி வகைகள் ஆகியவை செம்மண் மேடுகளிலும் பாறைக் குன்றுகளிலும் வளர்கின்றன. உச்சி தட்டையாக விரிந்த குடைவேல் தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றின் வறண்ட பகுதிகளுக்கே உரிய மரம். அடிவாரத்தில் வெக்காலி, வேங்கை, கடுக்காய், நெல்லி ஆகியவை கலந்த இலையுதிர் காடு தொடங்குகிறது. கோடையில் இது முழுவதும் இலையுதிர்த்து நிற்கும்; ஓடைக்கரைகளில் மட்டும் மருதும் நாவலும் பசுமையாக இருக்கும். ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்றில் ஈரம் கூடுகிறது. இந்த இடைநிலைக் காடுகளின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே காப்பித் தோட்டங்களாக மாறிவிட்டது. அதற்கும் மேலே பீடபூமியில் சோலைகளும் புல்வெளிகளும் அடுத்தடுத்து வருகின்றன.

சோலை என்பது மடிப்புகளிலும் ஓடைத் தலைப்புகளிலும் நெருங்கி வளரும் பசுமைமாறாக் குறுங்காடு. மரங்கள் உயரத்தில் குட்டை, கிளைகள் முறுக்கியவை, அவற்றின் மேல் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் தொற்றி வளர்கின்றன. மலைச் செண்பகமும் நாவல் இனங்களும் இங்கு முக்கியமானவை. சோலைக்கு வெளியே, உறைபனியும் காற்றும் படும் திறந்த சரிவுகளில் புல்வெளி பரவியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூக்கும் நீலக்குறிஞ்சி இந்தப் புல்வெளிச் சரிவுகளுக்கு உரியது. அண்மையில் 2006இலும் 2018இலும் அது பூத்தது.

மலைமேல் மனிதர்களும் பாதைகளும்

ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பழனிமலையில் மக்கள் வாழ்ந்தனர். கற்பலகைகளால் கட்டப்பட்ட பெருங்கற்காலக் கல்திட்டைகள் மலையின் பல இடங்களில் உள்ளன. பளியர், புலையர், குன்னுவர் ஆகியோர் இம்மலையின் பழங்குடிகளும் பழைய குடியானவர்களும் ஆவர். தேன், கிழங்கு, மருந்து வேர் ஆகியவற்றைத் தேடிக் காட்டில் வாழ்ந்த பளியர்களுக்கு ஒவ்வொரு மரத்தின் பூக்கும் காலமும் தெரிந்திருந்தது. பின்னாளில் மலையேறிய தாவரவியலாளர்கள் நடந்த தடங்களில் பலவும் இந்த மக்கள் போட்டவை. மலையும் சமவெளியும் மிளகு, ஏலம், பூண்டு, தேன் ஆகியவற்றை மாற்றிக்கொண்ட வழிகள் அவை. மாதிரித் தாள்களில் சேகரித்தவரின் பெயர் இருக்கிறது. வழி காட்டியவர், மரமேறிப் பூங்கொத்தை ஒடித்துத் தந்தவர், சுமை தூக்கியவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

1821இல் பி. எஸ். வார்டு என்ற நில அளவை அதிகாரி பழனிமலையை அளந்தார். அப்போது அவர் வெள்ளகவி கிராமத்தில் தங்கினார். அது பாம்பாற்றுப் பள்ளத்தாக்கை நோக்கியிருக்கும் பழைய மலைக் கிராமம். 1834இல் மதுரைத் துணை ஆட்சியர் ராட்டன், வருவாய் வாரியத்தைச் சேர்ந்த காட்டன் ஆகிய இருவர் தேவதானப்பட்டியிலிருந்து ஏறி, அடுக்கம் வழியின் உச்சியில் செண்பகனூருக்கு அருகே ஒரு சிறு பங்களா கட்டினர். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெப்பத்திலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் விலகியிருக்க 1845இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டினர். மலைவாழிடம் அதன்பிறகே வளர்ந்தது.

1875இல் மதுரைக்கு ரயில் வந்தபின், மலைக்குச் செல்பவர்கள் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, இரவு முழுவதும் மாட்டு வண்டியில் பயணம் செய்து, பெரியகுளத்துக்கு அருகில் உள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைந்தனர். அங்கிருந்து செண்பகனூர் வழியாக மலைப்பாதை. வசதியுள்ளவர்கள் டோலியிலும் மட்டக்குதிரையிலும் ஏறினர். சுமைகள் ஆட்களின் தலையில் ஏறின. வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில் தயாரானது. அதுவரை செடி சேகரிக்க விரும்பிய எவரும் எல்லா உயரங்களையும் நடையின் வேகத்தில் கடக்க வேண்டியிருந்தது. தாவரவியலுக்கு அது நன்மையாகவே முடிந்தது. சாலை வந்தபின் இடைநிலைச் சரிவுகள் வண்டியில் கடந்து போகும் இடங்களாயின.

ராபர்ட் வைட்

பழனிமலைத் தாவரங்களை முதலில் அறிவியல் முறையில் பதிவு செய்தவர் ராபர்ட் வைட் (1796–1872). ஸ்காட்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1826இல் சென்னையில் இயற்கையியலாளர் பதவி அவருக்குக் கிடைத்தது; 1828இல் கம்பெனி அந்தப் பதவியையே நீக்கியது. அவர் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். சேகரிப்பை அவர் நிறுத்தவில்லை. 1831இல் விடுப்பில் தாய்நாடு சென்றபோது ஏறத்தாழ ஒரு லட்சம் மாதிரிகளைக் கொண்டு சென்றார். அவற்றின் எடை இரண்டு டன். அவற்றின் அடிப்படையில் வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய ‘புரோட்ரோமஸ்’ நூலை 1834இல் வெளியிட்டார்.

1836இல் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்ட வைட், பருத்தி, புகையிலை, அவுரி போன்ற பயிர்களைப் பற்றி அறிக்கை தரும் பணியில் தென் மாவட்டங்களில் பயணம் செய்தார். அந்த ஆண்டிலேயே பழனிமலைக்கு ஏறினார். குற்றாலத்தின் தாவரங்களையும் அவர் ஆராய்ந்து எழுதினார். பழனிமலை பற்றிய அவரது கட்டுரை 1837இல் சென்னையில் வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழில் அச்சானது. மலையின் மண், தட்பவெப்பம், பயிர்கள், குடிகள் ஆகியவற்றோடு தாவரங்களையும் அவர் விவரித்தார். நிர்வாக அறிக்கையின் நடையில் எழுதப்பட்ட அந்தக் கட்டுரையே இம்மலைத் தாவரவியலின் தொடக்கப் பதிவு.

1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ‘ஐகோனஸ்’ என்னும் தாவரப் படநூல் ஆறு தொகுதிகளும் 2,101 படங்களும் கொண்டது. வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். பூவின் சூலகத்தை அறுத்துப் பெரிதாக்கிக் காட்டும் அறிவியல் வரைவை இந்தியக் கோடுகளின் நுட்பத்தோடு இணைத்தவர்கள் அவர்கள். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைட் சூட்டினார். தம்மிடம் பணியாற்றிய ஓவியரை இப்படிச் சிறப்பித்தது அக்காலத்தில் அரிது. ஆயினும் வைட்டின் மாதிரிகளில் ஒரு பெரிய குறை உண்டு. ஐரோப்பாவின் பல மையங்களுக்கு அவர் பிரித்தனுப்பிய தாள்கள் பலவற்றில் சேகரித்த இடம் இல்லை. தீபகற்ப இந்தியா என்ற பொதுக்குறிப்பு மட்டுமே உண்டு. செடி எந்தப் பள்ளத்தாக்கில், எந்த உயரத்தில், எந்த மாதத்தில் நின்றது என்பதை அவற்றிலிருந்து அறிய முடியாது.

செடியைத் தாளாக்கும் முறை

மாதிரியின் மதிப்பு இந்தக் குறிப்புகளில்தான் தங்கியிருக்கிறது. சேகரிப்பவர் பூவும் காயும் இலையும் உள்ள ஒரு கிளையை வெட்டுகிறார்; சிறு செடியானால் வேரோடு எடுக்கிறார். அதை உறிஞ்சுதாள்களுக்கு இடையே விரித்து, மரச்சட்டங்களுக்கு நடுவில் வைத்துக் கயிறு அல்லது வாரினால் இறுக்குகிறார். ஈரமான தாள்களைத் தொடர்ந்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து இலைகள் கறுத்து உதிரும். சமவெளியில் வெயிலே செடியைக் காய வைத்துவிடும். பழனிமலையில் கடும் மழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், மேகம் வீட்டுக்குள்ளேயே புகும் நிலையில், கரி நெருப்பின் சூட்டில்தான் காய வைக்க வேண்டியிருந்தது.

காய்ந்த செடி தடித்த தாளில் ஒட்டப்படுகிறது. மூலையில் ஒட்டும் சீட்டில் சேகரித்தவர், அவர் இட்ட எண், நாள், இடம், உயரம் ஆகியவை எழுதப்படுகின்றன. காய்ந்தபின் மறையும் நிறமும் மணமும், உள்ளூர்ப் பெயரும், உடன் வளர்ந்த செடிகளும் குறிப்பேட்டில் பதிவாகின்றன. புதிய இனம் ஒன்று விவரிக்கப்படும்போது அதற்கு ஆதாரமான தாள் ‘வகை மாதிரி’ ஆகிறது. அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்ற ஐயம் எப்போது எழுந்தாலும் அந்தத் தாளே தீர்ப்பளிக்கும். பூச்சி அரிக்காமல் காத்தால் ஒரு தாள் பல நூற்றாண்டு நிலைக்கும்.

மலையுச்சியின் பூக்கள்

வைட்டுக்குப் பின் ரிச்சர்ட் பெடோம் (1830–1911) பழனிமலையில் சேகரித்தார். படை அதிகாரியாக வந்து வனத்துறைக்கு மாறி, சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக 1882 வரை பணியாற்றியவர் அவர். தென்னிந்திய மரங்கள், பெரணிகள் பற்றிய அவரது நூல்கள் இன்றும் அடிப்படை நூல்களாக உள்ளன.

பீடபூமியின் பூக்களை நுணுகிப் பதிவு செய்தவர்கள் போர்ன் தம்பதியர். ஆல்ஃபிரட் போர்ன் சென்னை மாநிலக் கல்லூரியில் உயிரியல் பேராசிரியர். பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அவரும் மனைவி எமிலி ட்ரீ போர்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொடைக்கானலைச் சுற்றி விரிவாகச் சேகரித்தனர். எமிலி போர்ன் செடிகளைத் தாமே வரைந்தார். மாநிலக் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் பிலிப் ஃபைசன் 1915 முதல் வெளியிட்ட நீலகிரி, பழனிமலை உச்சித் தாவரநூல் இந்தச் சேகரிப்பையும் ஓவியங்களையும் பெரிதும் பயன்படுத்தியது. 6,500 அடிக்கு மேல் வளரும் செடிகளுக்கென எழுதப்பட்ட அந்நூல், பூவைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைத் தேடும் எளிய வாசகருக்கும் உதவியது. 1932இல் ஃபைசன் அதை விரித்துத் தென்னிந்திய மலைவாழிடங்களின் தாவரநூலாக வெளியிட்டார்.

அதே 1915இல் ஜேம்ஸ் கேம்பிள் சென்னை மாகாணத் தாவரநூலைத் தொடங்கினார். 1925இல் அவர் இறந்தபின் சி. இ. சி. ஃபிஷர் 1936இல் அதை நிறைவு செய்தார். பழனிமலையிலிருந்து வந்த பல மாதிரிகளுக்குக் கேம்பிள் புதிய பெயர்கள் தந்தார். எமிலி போர்னின் பெயரைத் தாங்கும் பிளெக்ட்ரான்தஸ் இனம் அவற்றில் ஒன்று.

செண்பகனூர்

1895இல் இயேசு சபையினர் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். அங்கு வளர்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் உலர்தாவரத் தொகுப்பும் மலையின் நிலையான ஆய்வு மையமாயின. விடுமுறைக்கு மட்டும் மலையேறியவர்கள் பெரும்பாலும் கோடைப் பூக்களையே பார்த்தனர். செண்பகனூர்த் துறவிகளோ மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அங்கேயே இருந்தனர். ஆங்லாட் பாதிரியார் மலைத் தாவரங்களை நீர்வண்ண ஓவியங்களாக வரைந்தார், கல்திட்டைகளையும் ஆராய்ந்தார். ஜார்ஜ் ஃபோரோ பாசிகளில் ஈடுபட்டார். பழனிமலைப் பாசிகள் பற்றிய அவரது தொகுப்புக் கட்டுரை 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் வந்தது. கோம்பேர் பாதிரியார் ஆர்க்கிடுகளைச் சேர்த்து வளர்த்தார். சோலையின் ஈரத்தை நம்பி வாழும் பாசியும் ஆர்க்கிடும் காடு வறளும்போது முதலில் மறைபவை. எனவே இப்பதிவுகள் காட்டின் நலனையும் அளக்க உதவுகின்றன.

மேத்யூவின் தாவரநூல்

இந்த நெடிய முயற்சியை ஒரே நூலில் திரட்டியவர் கே. எம். மேத்யூ (1930–2004). கேரளத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1967இல் தொடங்கப்பட்ட ராபினட் உலர்தாவரகத்தின் இயக்குநர். கொடைக்கானலில் வெளிநாட்டிலிருந்து வந்த தாவரங்களைப் பற்றி 1969இலேயே தனிநூல் எழுதினார். அடுத்துச் சமவெளிக்கு இறங்கினார். மாணவர்களும் உதவியாளர்களும் அடங்கிய குழுவோடு ‘கர்நாடிக்’ எனப்படும் தமிழ்நாட்டுச் சமவெளிப் பகுதியை ஆராய்ந்து, 1981 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். புதிதாகக் களத்தில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டே எழுதுவது, ஒவ்வொரு இனத்துக்கும் வரைபடம் தருவது, வெவ்வேறு பருவங்களில் திரும்பச் செல்வது ஆகியவை அவர் பின்பற்றிய நெறிகள்.

அந்த நெறிகளோடு மீண்டும் மலையேறி, 1999இல் மூன்று பகுதிகளாகப் பழனிமலைத் தாவரநூலை வெளியிட்டார். வைட், பெடோம், போர்ன் தம்பதியர் ஆகியோரின் பழைய தாள்களை ஐரோப்பிய உலர்தாவரகங்களில் பார்த்து, தம் குழு சேகரித்தவற்றோடு ஒப்பிட்டார். பழையவர்கள் கண்டவற்றில் எவை இன்னும் இருக்கின்றன என்ற கேள்விக்கு அதனால்தான் விடை கிடைத்தது. மேத்யூ அத்துடன் நிற்கவில்லை. 1985இல் பழனிமலைப் பாதுகாப்புக் குழு உருவாவதில் முன்னின்றார். செண்பகனூரில் ஆங்லாட் இயற்கை வரலாற்று நிறுவனத்தையும் ஏற்படுத்தினார். செடியின் பெயரை உறுதி செய்வதும் அந்தச் செடி நிற்கும் இடத்தைக் காப்பதும் ஒரே கடமையின் இரண்டு பகுதிகள் என்பதை அவர் வாழ்க்கை காட்டியது.

இமயத்தோடு உறவு

பழனிமலைச் சோலை விளிம்புகளில் செந்நிறப் பூங்கொத்துகளோடு நிற்கும் ரோடோடென்ட்ரான் மரம், இமயமலையில் பரவலாக வளரும் இனத்தின் தென்னிந்திய வகை. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1848 முதல் 1850 வரை சிக்கிமின் டீஸ்டா, ரங்கித் பள்ளத்தாக்குகளில் சேகரித்துப் பல புதிய இனங்களை உலகுக்கு அறிமுகப்படுத்திய பேரினமும் இதுவே. பெர்பெரிஸ், மஹோனியா, கால்தீரியா போன்ற பேரினங்களும் இமயத்திலும் தென்னிந்திய மலையுச்சிகளிலும் வளர்கின்றன. இடையே உள்ள வெப்பச் சமவெளிகளில் இல்லை. பனியுகத்தில் தட்பவெப்பம் குளிர்ந்தபோது குளிர்நாட்டுத் தாவரங்கள் தெற்கே பரவி, மீண்டும் வெப்பம் கூடியபோது உயர்ந்த மலைகளில் மட்டும் எஞ்சின என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் முக்கியமானது. அந்த வகையில் பழனிமலை உச்சி வெப்பக் கடலுக்கு நடுவே உள்ள தீவுக்கு ஒப்பானது. அதனாலேயே அங்கு தனித்த இனங்கள் உருவாயின. அதனாலேயே அவை எளிதில் அழியக்கூடியவையாகவும் உள்ளன. வெப்பம் கூடினால் ஏறிச் செல்ல அவற்றுக்கு மேலும் உயரம் இல்லை.

மாறிய மலையும் தாள்களின் பயனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆஸ்திரேலிய வாட்டில், யூகலிப்டஸ் மரங்கள், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்சாலைகளின் தேவைக்காகப் பெருமளவில் நடப்பட்டன. மரமில்லாத புல்வெளி பயனற்ற நிலமாகக் கருதப்பட்டதே இதற்குக் காரணம். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வொன்று, நாற்பது ஆண்டுகளில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததாகக் கண்டது. நடப்பட்ட மரங்களும் வேளாண்மையும் அந்த இடத்தைப் பிடித்தன. பீடபூமியின் ஈரநிலங்களும் சோலைகளும் மழைநீரைப் பிடித்து மெல்ல விடுவதால்தான் பாம்பாறு, மஞ்சளாறு போன்ற ஓடைகள் மழை நின்ற பின்பும் ஓடுகின்றன. இவை குறைவது வைகையை நம்பும் மதுரைச் சமவெளிக்கு நேரடியான இழப்பு.

2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இயற்கைத் தாவரங்களை மீட்கும் பணிகளும் நடந்து வருகின்றன. மீட்பவர்கள் முன்னுள்ள முதல் கேள்வி, குறிப்பிட்ட இடம் முன்பு சோலையா, புல்வெளியா என்பது. முதிர்ந்த வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வரும் இடங்களும் உண்டு. எங்கே மரங்களை அகற்றிப் புல்லை மீட்பது, எங்கே சோலையை வளர விடுவது என்று முடிவு செய்ய, இடமும் உயரமும் எழுதப்பட்ட பழைய தாள்கள் சான்றாகின்றன. புல்வெளிச் செடி ஒன்றின் தாளில் ஒரு குன்றின் பெயர் இருந்தால், அந்தக் குன்று அப்போது திறந்த வெளியாக இருந்தது என்று அறியலாம்.

அரிய மரங்களை மீட்கவும் இவை உதவுகின்றன. பழனிமலையில் மட்டுமே வளரும் எலியோகார்பஸ் பிளாஸ்கோயி என்னும் மரம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பிளாஸ்கோவின் பெயரைத் தாங்கியது. ஒரு காலத்தில் ஒரே ஒரு மரம் மட்டும் இருப்பதாக அறியப்பட்டது. பாம்பாற்றுச் சோலைப் பகுதியில் பணியாற்றிய ராபர்ட் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் ஆகியோரின் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை, இதையும் வேறு பல சோலை மரங்களையும் நாற்றங்காலில் வளர்த்தது. எதைத் தேடுவது, எங்கே தேடுவது, எந்த மாதத்தில் காய் கிடைக்கும் என்பவற்றை அறியாமல் இத்தகைய பணி நடக்காது. அந்த அறிவின் பெரும்பகுதி தாவரநூல்களிலும் தாள்களிலும், மலைவாழ் மக்களின் நினைவிலும் இருக்கிறது.

பீடபூமியின் பூக்கள் நன்கு பதிவாகிவிட்டன. வாகனங்கள் கடந்து போகும் இடைநிலைச் சரிவுகளும், மதுரையைச் சுற்றியுள்ள அழகர்மலை, சிறுமலை, நாகமலை போன்ற குன்றுகளும் அதே தொடர் கவனத்தை வேண்டுகின்றன. மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, சமவெளிக் குன்றுகளின் மதிப்பை அரசு ஏற்றதன் அடையாளம். அத்தகைய இடங்களில் இன்று சேகரிக்கப்படும் தாள், இடமும் நாளும் உயரமும் உள்ளூர்ப் பெயரும் சரியாக எழுதப்பட்டு, கல்லூரி உலர்தாவரகங்களில் பூச்சி அரிக்காமல் காக்கப்பட வேண்டும். வைட்டின் தாள்களில் விடுபட்ட குறிப்பை எவராலும் இனிச் சேர்க்க முடியாது. இன்றைய தாளில் அதை எழுதுவதற்குச் சில நிமிடங்கள் போதும்.